ஹார்பர் அண்ணாச்சி வீட்டு நைட்ரேட்

நம் மீன்தொட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. "அண்ணாச்சி, நைட்ரேட் இறங்க மாட்டேங்கு. வினிகர் எத்தனை மில்லி ஊத்தணும்?" தொழிலை விட்டுக் கடையை மூடிவிட்டு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறவன் நான். சரி, பிள்ளை கேட்கிறானே என்று பதில் போடுவேன். போட்ட சூடு ஆறுவதற்குள் வேறொரு ஊரிலிருந்து இன்னொரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும். தொட்டி எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. உள்ளே என்ன மீன் என்று சொல்வதில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று இன்றுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. மில்லி மட்டும் வேண்டும்.

மில்லிக் கணக்கு உங்கள் கைபேசியிலேயே குவிந்து கிடக்கிறது. அதை எடுத்துச் சொல்ல நான் எதற்கு? கைபேசியில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்த் தொட்டியைத் துடைக்கலாம்.

இந்தத் தொழிலுக்குப் போன மாதம் வந்தவர்களுக்காக ஒரு பத்தி. மீன் தின்றது, கழித்தது, தின்னாமல் விட்டது எல்லாம் அழுகிக் கடைசியில் நைட்ரேட்டாக வந்து நிற்கும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் அது பெரிய தொல்லை இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பவளம் சுருங்கும், பாசி ஏறும், மீன் சோர்ந்து போகும். தண்ணீரை மாற்றினால் இறங்கும். மாற்றியும் இறங்காமல் அடம் பிடித்தால் தண்ணீரில் இருக்கிற பாக்டீரியாவுக்குக் கரிச்சத்து கொடுக்கிறோம். வினிகரோ, சீனியோ ஏதோ ஒன்று. அதைத் தின்று பெருகும்போது நைட்ரேட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பெருகியதை ஸ்கிம்மர் என்கிற கருவி நுரையாக இழுத்து வெளியே தள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவும் மூச்சு விடுகிற சாதி. அளவு மீறினால் மீனுக்கு இருக்கிற காற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் எனக்கொரு வாடிக்கையாளர் இருந்தார், எலுமிச்சை வியாபாரி. வினிகர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு வாரம் போனால் பவளம் எல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்கிறது. விசாரித்தால், "அதுவும் புளிப்பு, இதுவும் புளிப்பு. நம்ம சரக்கு மூடை மூடையா கெடக்கையில கடையில போயி எதுக்கு வாங்கணும்?" என்கிறார். மனுஷன் தினமும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றியிருக்கிறார்! எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. புளியங்குடிக்காரர் வேறு எதைப் பிழிவார்? தண்ணீரில் நாம் போடுவது நமக்குத் தெரியும், வீட்டுக்காரர்கள் போடுவது தெரியாது. இதை அன்றைக்கு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஹார்பர் அண்ணாச்சி வீட்டில்தான் இது விளையாட்டில்லை என்று தெரிந்தது.

ஹார்பர் அண்ணாச்சியின் சொந்தப் பெயர் பரமசிவம். தூத்துக்குடியில் பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக் படகை ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டார். ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. தறிச் சத்தமும் பூ மார்க்கெட்டுமாக இருக்கிற நம் ஊரில் அவருக்கு ஒரு வாரம்கூட இருப்புக் கொள்ளவில்லை. நேராக என் கடைக்கு வந்தார். நான் அப்போது கப்பி, மோலி, தங்கமீன் என்று நல்ல தண்ணீர் மீன்தான் விற்றுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு உப்புத் தண்ணி மீனு வேணும்வே" என்றார்.

"இந்த ஊர்ல நல்ல தண்ணிக்கே வழியில்ல அண்ணாச்சி" என்றேன்.

"அதுக்குத்தாம்வே சொல்லுதேன். நல்ல தண்ணிக்குத்தான பஞ்சம்? உப்புத் தண்ணி நான் கொண்டாறேன்."

கொண்டுவந்தார். அவருடைய பழைய காரில் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு கேன்களை அடுக்கிக்கொண்டு நானும் அவரும் தூத்துக்குடிக்குப் போவோம். அவருக்குத் தெரிந்த படகுக்காரர்கள் ஆழத்திலிருந்து தண்ணீர் மொண்டு தருவார்கள். திரும்பும்போது கோவில்பட்டியில் டீயும் கடலைமிட்டாயும். இளையரசனேந்தல் தாண்டியதும் கரிசல் காட்டுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, கேன் மூடியெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார். எவ்வளவு இறுக்கினாலும் சிந்தும். அந்தக் கார் உப்பில் துருப்பிடித்தே செத்தது. "கடல் ஏறுன வண்டி வேற எப்பிடிவே சாவும்?" என்று அதற்கும் சிரித்தார். எனக்கும் அப்போது உப்புத் தண்ணீர்த் தொட்டி புதிது. இரண்டு பேரும் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டோம். பிறகு உப்பு வாங்கிக் கரைக்கிற காலம் வந்தது, பயணம் நின்றது. இன்றைக்கும் கோவில்பட்டிச் சாலையில் பஸ்ஸில் போனால் அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் தலை திரும்பிவிடுகிறது. என் தொழிலிலேயே சந்தோஷமான நாள்கள் அவைதான்.

தொட்டி நன்றாக அமைந்தது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், மஞ்சளாக ஒரு டாங் மீன், தோல் மாதிரி மெத்தென்ற பவளங்கள். அண்ணாச்சி கண்ணாடியில் விரலை வைத்தால் பெட்டை க்ளவுன் எங்கிருந்தாலும் ஓடி வந்து அந்த விரலைக் கொத்தும். "எம் பொண்டாட்டிகூட இவ்ளோ வேகமா வரமாட்டா" என்பார். அடுப்படியிலிருந்து மதினி, "ஆமா, அதுக்கு வேற சோலி என்ன?" என்பார்கள். மதினி பேர் ஆவுடையம்மாள். அண்ணாச்சி "ஆவுடை" என்று கூப்பிடுகிற சத்தம் தெருமுக்கு வரை கேட்கும். இழுவைப் படகில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை.

அந்தத் தொண்டைதான் ஒருநாள் நின்றுபோனது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. திருநெல்வேலியில் வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டிக்கு முன்னால் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார வைத்தார் மதினி. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரை அங்கேயேதான் இருப்பார்.

அவரால் செய்ய முடிந்த ஒரே வேலை தீனி போடுவது. இடது கையால் டப்பாவைச் சாய்ப்பார். ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் ஒரு கை விழும். மத்தியானம் மறுபடியும் டப்பாவைக் காட்டுவார், சாயங்காலமும் காட்டுவார். நைட்ரேட் ஏறாமல் என்ன செய்யும்? தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கோடைக் காலம் வேறு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரு முழுவதும் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருக்கும்போது, நான் குழாய் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் எத்தனை கண் என் முதுகில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

தீனியைக் குறைக்க முடியுமா என்று மதினியிடம் கேட்டேன்.

"அவுக கையில மிச்சம் இருக்க சோலி அது ஒண்ணுதாம் தம்பி. அதையும் பிடுங்கவா சொல்லுதிய?" என்றார்கள்.

பாடத்தில் முதல் வைத்தியம் தீனியைக் குறைப்பது. எனக்கும் தெரியும். அந்த வீட்டில் அது முடியாது. அதனால்தான் வினிகருக்குப் போனேன். தினமும் காலையில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஊசிக்குழாயில் கோடு போட்டு மதினி கையில் கொடுத்தேன். மதினி, நாம் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். நைட்ரேட் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. நானும் ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஒரு காலையில் கைபேசி அடித்தது. மதினியின் தம்பி மாரியப்பன். தறி ஷெட் வைத்திருப்பவன், சத்தத்துக்கு நடுவில் பேசியே பழக்கம்.

"அண்ணாச்சி, தண்ணி பாலாட்டம் ஆயிட்டு. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்கு. அத்தான் கெடந்து துடிக்காவ. உடனே வாங்க."

வண்டியை எடுத்தால் தேரடிக்கு முன்னாலேயே தடுத்துவிட்டார்கள். திருவிழாக் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வண்டியை ஒரு பூக்கடை ஓரத்தில் போட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். அத்தனை பேரும் சாமி பார்க்க ஒரு பக்கம் போகிறார்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறேன். வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. க்ளவுன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டாங் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது. அண்ணாச்சி இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அடிப்பது இன்னும் கூடியது. அந்த முகத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"மொத்தத் தண்ணியையும் மாத்துங்க" என்றான் மாரியப்பன். அடுத்த மூச்சிலேயே, "இல்லன்னா இதைத் தூக்கிருவோம் அண்ணாச்சி. இன்னைக்கே தூக்கிருவோம். எங்கக்கா இவுகளப் பாப்பாளா, மீனப் பாப்பாளா? இது ஒண்ணொண்ணா சாவுறதை அத்தான் உக்காந்து பாக்கணுமா?" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அக்கா படுகிற பாட்டைப் பார்த்துப் பேசுகிறான். மதினி சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

பிள்ளைகளே, இப்படிப்பட்ட நேரத்தில் நாலு பேர் நாலு திசையில் இழுப்பார்கள். நம் கை எதையாவது பெரிதாகச் செய்யத் துடிக்கும். தண்ணீர் முழுவதையும் மாற்றினால் பார்க்கிறவர்களுக்கு நாம் ஏதோ செய்த மாதிரி இருக்கும். ஆனால் அவசரத்தில் கரைத்த உப்புத் தண்ணீரை மூச்சுத் திணறுகிற மீன் மேல் ஊற்றுவது புண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது போலத்தான். அந்த மீனுக்கு அப்போது காற்று ஒன்றுதான் வேண்டும். மோட்டார் இரண்டையும் போட்டேன். தண்ணீர் திரும்பி விழும் குழாயை மேலே தூக்கி மேல்மட்டம் கலங்குகிற மாதிரி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். மாரியப்பனிடம், "உன் ஷெட்ல இருக்க பெரிய மேசை விசிறியைத் தூக்கிட்டு வா, ஓடு" என்றேன். விசிறி தண்ணீர் மேல் வீசினால் நல்லதுதான். உண்மையைச் சொன்னால், விசிறியைவிட அவன் அங்கிருந்து போவதுதான் எனக்கு முக்கியம்.

ஏனென்றால் தொட்டியின் விளிம்பில் எறும்பைப் பார்த்துவிட்டேன். கட்டையெறும்பு, சாரை சாரையாக மேஜைக் காலில் ஏறி, கண்ணாடி ஓரமாகப் போய், ஓர் இடத்தில் மொய்த்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் எறும்புக்கு என்ன வேலை? விரலால் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெல்லம்.

மாரியப்பன் படியிறங்கிப் போகிற வரை காத்திருந்து, மதினி பக்கம் திரும்பாமல் குழாயைச் சரி செய்துகொண்டே கேட்டேன்.

"எவ்ளோ நாளா போடுதிய மதினி?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக வந்தது.

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஒரு சின்ன துண்டுதாம் போட்டேன். இந்த வாரம் தபசுன்னு தெனமும் போட்டேன். நேத்து ஒரு அச்சு முழுசா போட்டேன்."

கோயில் குளத்தில் வெல்லம் போட்டு, இது கரைகிற மாதிரி மருவும் பருவும் கரையட்டும் என்று வேண்டுவதை நம் பக்கத்தில் யாருக்குச் சொல்லித் தர வேண்டும்? தொட்டிப் பாறையில் பழுப்பாகக் கொப்புளம் கொப்புளமாக வேண்டாத உயிர்கள் சில முளைத்திருந்தன. அதை மரு என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள் போல என்று எண்ணி, "பாறையில இருக்கது மருவு இல்ல மதினி" என்றேன்.

"பாறைக்கு யாரு போட்டா?" என்றார்கள். "அவுக நாக்குக் கட்டு கரையணும்னு போட்டேன். குளத்துக்கு அவுகளைத் தூக்கிட்டுப் போவ முடியுமா? படி எறங்க முடியுமா? இதுவும் தண்ணிதான. அவுக கடல்தான இது. அவுக கண்ணு முன்னாலயே கரையட்டும்னு போட்டேன்."

நான் குழாயைப் பிடித்தபடியே நின்றேன்.

"போட ஆரம்பிச்சு மூணாவது வெள்ளி, 'ஆவு'ன்னாவ தம்பி. என் பேருல பாதி. அந்த ஆசுபத்திரில எத்தனை மாசம் கெடந்தோம், ஒரு எழுத்து வந்துதா? இங்கன உக்காந்துதாம் சொன்னாவ. நான் எப்பிடி நிறுத்துவேன்?"

அண்ணாச்சி அடிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்கிறது, புரிகிறது.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த வாய்ப்பயிற்சியால் வந்த சொல்லாக இருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு என்ன தகுதி? நான் மீன்காரன். வெல்லத்தை உடனே நிறுத்துங்கள் என்று கண்டித்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்தியும் இருப்பார்கள். அதன் பிறகு அண்ணாச்சிக்கு அடுத்த எழுத்து வராத ஒவ்வொரு நாளும், நிறுத்தியதால்தான் வரவில்லை என்று அந்த அம்மா தன்னையே குத்திக்கொண்டிருப்பார்கள். நிறுத்தாவிட்டால் மீன் சாகும், தொட்டி போகும், அண்ணாச்சி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அந்த இரண்டு பேர் தலையில்தான் விடியும். இதற்கு எந்தக் கைபேசியில் மில்லிக் கணக்கு இருக்கிறது?

மாரியப்பன் விசிறியோடு வந்துவிட்டான். மூச்சு வாங்க, "என்ன காரணம்னு தெரிஞ்சுதா?" என்றான்.

"மருந்து அளவு கூடிப்போச்சு. நான் மாத்திக் கொடுக்கேன்" என்றேன். அதில் பொய் இல்லை.

"ஒம்ம நம்பித்தான விட்டோம்? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..." என்று அவன் ஆரம்பித்தான். நான் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

மதினி விடவில்லை. "அவுகளை ஏசாதடே. நான்தாம் வெல்லம் போட்டேன்" என்றார்கள்.

"எதுக்குக்கா?"

"ஒங்க அத்தான் பேசணும்னு."

மாரியப்பன் விசிறியைத் தரையில் வைத்தான். அத்தானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு போய் அத்தானுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றான்.

"வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுன்னாவ."

அதன் பிறகு தொட்டியைத் தூக்குகிற பேச்சை அவன் எடுக்கவே இல்லை. சாயங்காலம் வரை நான் அங்கேயே இருந்தேன். ஸ்கிம்மர் நுரையாகக் கக்கிக்கொண்டே இருந்தது. நானும் மாரியப்பனும் மாற்றி மாற்றி அதன் கிண்ணத்தைக் காலி செய்தோம். டாங் பிழைக்கவில்லை. எடுக்கும்போது துணியால் மறைத்துத்தான் எடுத்தேன், ஆனாலும் அண்ணாச்சி பார்த்துவிட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டவர், அன்று முழுவதும் தொட்டியைப் பார்க்கவில்லை. க்ளவுன் இரண்டும் தப்பின.

தண்ணீர் தெளிந்த பிறகு ஒருநாள் மதினியிடம் பேசப் போனேன். மனதுக்குள் ஒரு முடிவோடுதான் போனேன். ஒரு தொட்டியில் இரண்டு கரிச்சத்து விழுகிறது. ஒன்றை நிறுத்தியாக வேண்டும். எதை? நம்மில் யாராக இருந்தாலும் வெல்லத்தைத்தான் நிறுத்துவோம். அளவில்லாதது, அழுக்கு நிறைந்தது. நான் என் வினிகரை நிறுத்தினேன்.

"வினிகர் வேண்டாம் மதினி. நீங்க போடுங்க. ஆனா வெல்லம் வேண்டாம், அதுல மண்ணும் தூசியும் கெடக்கு, தண்ணி தாங்காது. கற்கண்டு போடுங்க. தெனமும் காலையில ஒரு துண்டு. நான் எடுத்துக் காட்டுத அளவுதான். ஆடின்னாலும் வெள்ளின்னாலும் அதுக்கு மேல போவக்கூடாது."

மதினி கேட்டார்கள், "சாமி ஏத்துக்கிடுமா?"

"அது எனக்குத் தெரியாது. தண்ணி ஏத்துக்கிடும்."

பொய் சொல்லிச் சம்மதிக்க வைப்பது லேசு. ஏத்துக்கிடும் மதினி, தாராளமா ஏத்துக்கிடும் என்று அடித்து விட்டிருக்கலாம். சாமி விஷயத்தில் வாக்குக் கொடுக்கிற வேலை நம்முடையது இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்த வாக்கை நாம் எங்கே போய் வைப்போம்? மதினியே பூஜை அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார்கள். "அம்மனுக்கும் கற்கண்டுதான வைக்கோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு என் முன்னால் நீட்டினார்கள். அதில் ஒரு துண்டைப் பொறுக்கி எடுத்து அளவு காட்டினேன். பட்டாணியைவிடச் சின்னது.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் போனபோது, கற்கண்டைப் போடுவது மதினி இல்லை. அண்ணாச்சி கையில் கொடுக்கிறார்கள். அவர் இடது கையில் வைத்துக்கொண்டு உடனே போடுவதில்லை. பெருவிரலால் உருட்டிக்கொண்டே இருக்கிறார். மதினி ஏதோ முணுமுணுத்துக் கும்பிட்டு முடித்ததும் போடுகிறார். அது அடியில் போய் விழுந்து கரைகிற வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரைந்ததும்தான் அந்த வீட்டில் காலைக் காப்பி. இன்னொன்றையும் கவனித்தேன். தீனி டப்பாவை அவர் முன்போல அடிக்கடி காட்டுவதில்லை. கைக்கு இன்னொரு வேலை வந்துவிட்டது அல்லவா?

நைட்ரேட் இறங்கியது. நன்றாகவே இறங்கியது. கற்கண்டால் இறங்கியதா, தீனி குறைந்ததால் இறங்கியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பவளங்கள் விரிந்தன, கண்ணாடியில் பாசி படிவது நின்றது. அண்ணாச்சியின் பேச்சு மட்டும் அந்த "ஆவு"வுக்கு மேல் வளரவில்லை. ஆனால் அதை அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொன்னார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாலும் அதுதான். ஒவ்வொரு தடவையும் மதினி, "இந்தா வந்துட்டேன்" என்று ஓடி வந்தார்கள். முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில்கூட அவர்கள் அப்படி ஓடி வந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வி எல்லாம் ஆரம்பிப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. எத்தனையில் ஆரம்பிக்க, எப்படி ஏற்ற. எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் கேட்பதில்லை. கரிச்சத்தை நம்பிப் பெருகிய பாக்டீரியா, அது ஒரேயடியாக நின்றால் செத்து, தொட்டியையும் கெடுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இது எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் மட்டும் அதைச் சொல்ல நாக்கு லேசில் எழவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு காலையில் அண்ணாச்சி போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே போனார். நானும் மாரியப்பனோடு சேர்ந்து தோள் கொடுத்தேன். மறுநாள் காலையில் துக்கம் விசாரித்துத் துட்டி கேட்க வந்தவர்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மதினி நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சொந்தக்காரப் பெண்கள் என்னிடம் முறையிட்டார்கள். காப்பி கொண்டு வந்து கெஞ்சினார்கள், பழத்தை உரித்து வாயருகே நீட்டினார்கள். எதற்கும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்கள்.

"இன்னைக்குப் போடல தம்பி. நேத்தும் போடல. வேண்டுதல் முடிஞ்சு போச்சுலா. இனி எதுக்குப் போட?"

எல்லாருக்கும் ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது தொட்டி ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"ஒரேயடியா நிறுத்தக்கூடாது மதினி. இன்னைக்குப் பாதி போடுங்க. பொறவு அதுல பாதி. மெதுவாத்தான் விடணும்."

கூட்டத்தில் யாரோ, "துட்டி வீட்டுல இப்போ மீனா முக்கியம்?" என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் கேட்டது தப்பில்லை. எனக்கே கூசிப்போனது.

மதினி எழுந்தார்கள். பூஜை அலமாரியைத் தொடவில்லை. தீட்டு வீடு. அடுப்படிக்குப் போய், சமையலுக்கு வைத்திருந்த கற்கண்டில் ஒரு துண்டை எடுத்து வந்தார்கள். பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கினார்கள். ஒரு பாதியைத் தண்ணீரில் போட்டார்கள். தீனி என்று நினைத்துப் பெட்டை க்ளவுன் மேலே வந்து வாயில் கவ்வி, துப்பிவிட்டுப் போனது. அது அடியில் விழுந்து கரைகிற வரை மதினி நின்று பார்த்தார்கள்.

கையில் இருந்த மற்றப் பாதியை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சப்பினார்கள்.